பயந்தவன் கட்டிய படகு

மலைமேல் உள்ள ஊருக்குப் போய்ப் படகு ஓட்டிவிட்டு வந்தேன் என்று சொன்னால் காயல்பட்டினத்தில் ஒருவரும் நம்புவதில்லை. கடலை வாசலில் வைத்துக்கொண்டு, படகு ஓட்டக் கண்டிக்கா போனாய் என்று சிரிக்கிறார்கள். அதற்கு முன்னும் நான் ஓட்டியதில்லை, அதற்குப் பின்னும் ஓட்டவில்லை என்பதைச் சொன்னால் இன்னும் சிரிப்பார்கள்.

நான் பாய் தைக்கிறவன். பள்ளிக்கூடம் எனக்கு மூன்று வருஷத்துக்கு மேல் ஒத்துவரவில்லை. வாப்பா என் கையில் ஊசியையும் மெழுகு நூலையும் கொடுத்துக் கித்தான் துணிக்கு முன்னால் உட்கார வைத்தார்கள். அன்று முதல் தோணிகளுக்குப் பாய் தைக்கிறேன். ஆனால் தோணியில் ஏறினால் குடல் புரளும். ஏறாமல் கரையில் நின்றாலும் நிம்மதி கிடையாது. நான் தைத்த பாயோடு போன தோணி திரும்பி வரும்வரை, ஒரு தையல் விட்டுப்போயிருக்குமோ என்று நினைத்து நினைத்துச் சோறு இறங்காது.

இப்படிப்பட்டவனைத்தான் உம்மா கடல் தாண்டி அனுப்பினார்கள். அண்ணன் என்னைக் காக்கா என்று கூப்பிடும் தம்பி காசிம் கண்டிக்குப் பக்கத்தில் அக்குறணையில் கல்யாணம் செய்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. மாப்பிள்ளை பெண் வீட்டோடு இருப்பது எங்கள் வழக்கம்; அவர்கள் வழக்கமும் அதுதான். அதில் மனத்தாங்கல் இல்லை. ஆனால் உம்மாவுக்குக் கால் விழுந்துவிட்டதால் கல்யாணத்துக்குப் போக முடியவில்லை. "மருமக மொகத்த ஒரு தடவை பாக்கணும். போய்க் கூட்டிட்டு வந்து காட்டு. பிறகு கொண்டுபோய் விட்டுரு" என்றார்கள். அவர்கள் என்னிடம் வேறெதுவும் கேட்டதில்லை.

கடலைப் பற்றி எழுத ஒன்றுமில்லை, படுத்தே கிடந்தேன். கொழும்பிலிருந்து மேலே ஏறும் பாதைதான் பாதை. எதிரே இறங்குவதெல்லாம் காப்பிக்கொட்டை ஏற்றிய வண்டிகள்; அங்கே கோப்பி என்கிறார்கள். ஒன்றன்பின் ஒன்றாக, முன்வண்டியின் வைக்கோலைப் பின்வண்டி மாடு தின்றுகொண்டே இறங்குகிறது. கடுகண்ணாவைக் கணவாயில் எங்கள் வண்டியின் சக்கரம் ஒன்று கழன்று, எங்களை விட்டுவிட்டுத் தனியாகக் கீழே உருண்டது. வண்டிக்காரர் பதறவேயில்லை. "அது எங்க போயிரும்? கீழ வர்றவன் கொண்டாருவான்" என்று சொல்லி வெற்றிலை மடித்தார். சொன்னபடியே ஒருவன் கொண்டுவந்தான். அதற்குள் நான் மூன்று முறை யாசீன் ஓதி முடித்திருந்தேன்.

அக்குறணையில் தம்பியின் மாமனார் உதுமா லெப்பை மாமா வாசலிலேயே என்னைக் கட்டிக்கொண்டார். அவருடைய முன்னோர் பொதிமாட்டில் உப்பும் கருவாடும் மலைக்கு ஏற்றினவர்கள். இவர் வண்டி கட்டிக் கோப்பி இறக்குகிறார். உட்கார்ந்ததும் சிரட்டையில் கோப்பி வந்தது. பனையில்லாத ஊர், கித்துள் மரத்துக் கருப்பட்டியைக் கடித்துக்கொண்டு குடிக்கிறார்கள். பிறகு தேங்காய்ப்பூ ரொட்டி, வெங்காயச் சம்பல், மிளகு போட்ட இறைச்சி, ஈரப்பலாக்காய்க் கறி. கடைசியில் வட்டலாப்பம். முட்டையும் கருப்பட்டியும் தேங்காய்ப்பாலும் சேர்ந்து இப்படி ஒரு பொருளாகும் என்று அதுவரை எங்கள் ஊரில் யாருக்கும் தோன்றவில்லையே என்று எனக்கு வருத்தமாகவே போய்விட்டது.

சாப்பாடு முடிந்ததும் வந்த விஷயத்தைச் சொன்னேன். பெண்கள் இருக்கும் பக்கத்தை மறைத்த திரைக்குப் பின்னாலிருந்து மாமாவின் மனைவி, மாமியின் குரல் வந்தது.

"ஏலாது. எண்ட புள்ளய கடல் தாண்டி அனுப்ப ஏலாது. தண்ணிக்கு எனத்த தெரியும், இது ஆருட புள்ள எண்டு?"

"உம்மா, எனக்குக் கடல் பாக்கணும்" என்று இன்னொரு குரல். அது சுலைஹா, தம்பியின் மனைவி.

"நீ வாய மூடு."

மாமா என் பக்கம் குனிந்தார். "எண்ட பொஞ்சாதி மிச்சம் பயந்த ஆள். ஆத்தைத் தாண்டவும் கண்ணை மூடுவா." பிறகு திரையைப் பார்த்துக் குரலை உயர்த்தினார். "மரைக்கார்மார் எண்டா கடல்ட ராசாமார். அவரே வந்து கூட்டிட்டுப் போறார். எனத்துக்குப் பயம்?"

"மாமா, நான் பாய் தைக்கிறவன். ஓட்டுறவன் இல்ல" என்றேன்.

"கேட்டீங்களா, எவ்வளவு அடக்கம்" என்றார் மாமா திரையிடம்.

அந்த ஊரில் இந்த உண்மையை நான் எத்தனை பேரிடம் சொன்னேனோ தெரியாது. ஒருவராவது நம்பவேண்டுமே. கடற்கரை மரைக்காயன் என்றால் பிறக்கும்போதே சுக்கானைப் பிடித்துக்கொண்டு பிறப்பான் என்று மலைநாட்டில் ஒரு முடிவு.

மறுநாள் காலை மாமா என்னைக் கோப்பிக் கிட்டங்கிக்குக் கூட்டிப்போனார். மூட்டைகளுக்குப் பின்னால் சாக்குப் போர்த்திய ஒன்று பெரிய மிருகம் போலக் கிடந்தது. தோட்டத்தை விற்றுவிட்டுச் சீமைக்குப் போன ஒரு துரை கண்டி வாவியில் ஓட்டுவதற்காகக் கொண்டுவந்த பாய்ப்படகாம். மழை நிற்கட்டும் நிற்கட்டும் என்றிருந்து கடைசிவரை தண்ணீரில் இறக்கவில்லை. தோட்டத்துச் சாமான்களோடு மாமாவிடம் வந்துவிட்டது.

"இதுல எண்ட பொஞ்சாதிய ஏத்தி வாவியில ஒரு சுத்துச் சுத்துங்க. பயம் தெளிஞ்சிரும். அதுக்குப் பொறகும் ஏலாது எண்டா நான் வாய் தொறக்க மாட்டன்."

சாக்கை இழுத்ததும் என் பயம் ஒரு நிமிஷம் எங்கோ போய்விட்டது. பதினாறு முழம் நீளம் இருக்கும். வயிறு அகன்று, பின்புறம் ஒடுங்கி, முழுகிய வாத்து மாதிரி ஒரு உருவம். எங்கள் தோணிகள் சரக்கு ஏற்றப் பிறந்தவை. மனிதர்கள் சரக்கின் மேல் எங்காவது ஒட்டிக்கொள்ள வேண்டியதுதான். இதுவோ மனிதர்களுக்காகவே கட்டியது. நடுவே இரண்டு படி இறங்கினால் ஒரு குட்டி வீடு. இரண்டு பக்கமும் படுக்கை. புரண்டால் விழாமலிருக்கப் படுக்கை ஓரத்தில் குறுக்குப் பலகை. படகு எந்தப் பக்கம் சாய்ந்தாலும் தான் நேராகவே நிற்கும்படி வளையத்துக்குள் வளையமாகத் தொங்கும் விளக்கு. அதே மாதிரி ஓர் அடுப்பு, பானை நழுவாமலிருக்க அதைச் சுற்றி ஒரு கம்பி. அலுமாரிக் கதவுகளெல்லாம் கொக்கி போட்டுப் பூட்டுகிறவை. வாசலில் ஒரு முழ உயரத் தடுப்பு. மேலே அலை விழுந்தாலும் உள்ளே வராது. மேலே விழுந்த தண்ணீர் தானே வெளியேறத் துளைகள். பின்பக்கம் மூன்று பேர் முழங்கால் இடிக்க உட்காரும் பள்ளம். எல்லாக் கயிறும் அங்கேதான் வந்து சேர்கின்றன. எழுந்து ஓடத் தேவையே இல்லை.

பாயைப் பிரித்தேன். ஒற்றை மரத்துக்கு ஒரு பெரிய பாய், முன்னால் முக்கோணமாக ஒரு சின்னப் பாய். பெரிய பாயில் குறுக்கே மூன்று வரிசையாகச் சிறு கயிறுகள்: காற்று கூடினால் ஒரு வரிசை சுருக்கிக் கட்டலாம், இன்னும் கூடினால் இரண்டாவது, பேய்க்காற்றுக்கு மூன்றாவது. அவற்றைத் தடவிக்கொண்டு நின்றபோது எனக்குச் சிரிப்பு வந்தது. இதைக் கட்டியவன் யாரென்று தெரியாது. ஆனால் அவன் என் இனம். தூங்கப் போனால் விழுந்துவிடுவோமோ, கஞ்சி கொட்டிவிடுமோ, விளக்குச் சாய்ந்து தீப்பிடிக்குமோ, அலை உள்ளே வந்துவிடுமோ என்று ஒவ்வொரு கவலையாகப் பட்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு பலகையோ கொக்கியோ அடித்திருக்கிறான். நான் கவலைப்பட்டுச் சும்மா இருக்கிறேன். அவன் கவலைப்பட்டுப் படகு கட்டியிருக்கிறான்.

தரைப் பலகையைத் தூக்கிப் பார்த்தபோது போன பயம் திரும்பி வந்தது. அடி காலி. பாய் கட்டிய படகு நிமிர்ந்து நிற்க அடியில் பாரம் வேண்டும்.

"மாமா, இதுக்குள்ள இரும்பு இருந்திருக்கணுமே?"

"ஓ, ஈந்திச்சி. கொல்லனுக்குக் குடுத்துட்டன். மாட்டுக்கு லாடம் அடிச்சாச்சி."

ஆக, படகின் அடிப்பாரம் கணவாயில் கோப்பி இறக்கிக்கொண்டிருந்தது.

"அதுக்கென்ன, கோப்பி மூட்டையப் போடுவம். மல போல ஈக்கிது" என்றார் மாமா.

வண்டிக்காரர்களுக்குத் தலைவர் கறுப்பையா என்பவர் பக்கத்தில் நின்றார். புதுக்கோட்டைப் பக்கத்திலிருந்து மன்னார் வழியாகக் காட்டைத் தாண்டி நடந்து வந்தவர். "வேணாங்க மொதலாளி. நனைஞ்சா ஏரியே கோப்பியாயிரும். கண்டிச் சனம் பூரா செம்பத் தூக்கிக்கிட்டு வந்துரும்" என்றார்.

கடைசியில் ஆற்றுக் கல்லைக் கோப்பிச் சாக்கில் கட்டிப் போடுவது என்று முடிவாயிற்று. மூட்டைகள் சரிந்து ஒரே பக்கம் போய்விட்டால் படகு கவிழும் என்று எங்கள் ஊர்ச் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அதனால் ஒவ்வொரு சாக்கின் வாயையும் பாய்க்குத் தைக்கிற தையலில் நானே தைத்தேன்.

படகை அக்குறணையிலிருந்து கண்டிக்குக் கொண்டுபோனது ஒரு திருவிழா. இரண்டு வண்டிச் சட்டங்களைச் சேர்த்துக் கட்டிப் படகை ஏற்றி, மாடுகளைச் சோடி சோடியாகப் பூட்டினார்கள். பாய்மரம் தனி வண்டியில் முன்னால் போனது. ஒரு வளைவில் வண்டி திரும்ப, மரம் திரும்பாமல் நேரே ஒரு நாவிதர் கடைக்குள் போய்விட்டது. பாதி மழித்த முகத்தோடு ஒருவர் ஓடிவந்தார். நாவிதர் கத்தியைப் பிடித்தபடி நின்று, மரத்தின் நுனியை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "இவருக்கு எங்கே மழிக்க வேண்டும்?" என்று சிங்களத்தில் கேட்டார். தம்பி எனக்குத் தமிழில் சொன்னான். தெருவே சிரித்தது, பாதி முகத்துக்காரரும் சிரித்தார்.

கண்டி வாவியைப் பார்த்ததும் எனக்கு உயிர் வந்தது. சின்ன வாவி. ஒரு கரையில் நின்று கூப்பிட்டால் மறுகரையில் திரும்பிப் பார்ப்பார்கள். சுற்றிலும் மலை, கரையோரம் அலை அலையாய் வெட்டிய வெள்ளைச் சுவர், ஓடு வேய்ந்த பெரிய கோயில். அலையே இல்லை. படுக்கையும் அடுப்பும் நங்கூரமும் வைத்த படகை இதில் விடுவது, பக்கத்து வீட்டுக்குப் போகக் கட்டுச்சோறு கட்டுகிற மாதிரிதான். கரையில் நின்ற ஒரு பெரியவர் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, "ராசா வெட்டிய வாவியில் வீடு கட்டியிருக்கிறான், வரி யாருக்குக் கட்டுவானாம்?" என்று கேட்டதாகத் தம்பி சொன்னான்.

வாழை மரங்களை வெட்டி உருளை போட்டுப் படகை வழுக்கி இறக்கினோம். இறங்கிய படகு மெதுவாக முழுக ஆரம்பித்தது. எனக்குத் தெரிந்ததுதான். கிட்டங்கியில் காய்ந்து கிடந்த பலகைகளுக்கிடையே இடுக்கு விழுந்திருக்கும். தண்ணீர் குடித்துப் பலகை ஊதினால் தானே அடைத்துக்கொள்ளும். அதற்காகவே கல்லை ஏற்றாமல் ஆழமில்லாத இடத்தில் கட்டச் சொல்லியிருந்தேன். ஆனால் எனக்குத் தெரியும் என்பதை அக்குறணைக்கு யார் சொல்வது? நாங்கள் வீடு திரும்புமுன் செய்தி போய்விட்டது.

"முங்கிப் போயிட்டாமே" என்றது திரை.

"தண்ணி குடிக்குது மாமி. குடிச்சு முடிச்சா இறுகிரும்."

"குடிக்கட்டும், குடிக்கட்டும். எண்ட புள்ள குடிக்க வேணாம்."

அந்த இரண்டு நாளும் மாமி பரிமாறிய வட்டலாப்பம்கூட எனக்கு மண் மாதிரி இருந்தது. உம்மா கதிரையில் உட்கார்ந்து வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பது கண்ணிலேயே நின்றது. மூன்றாம் நாள் கறுப்பையாவின் ஆட்கள் தண்ணீரை இறைத்து ஊற்றினார்கள். காத்திருந்தோம். உள்ளே ஒரு சொட்டு ஏறவில்லை. கல் மூட்டைகளை அடியில் அடுக்கினோம்.

"மரைக்காரய்யா சொன்னது சொன்னபடி" என்றார் கறுப்பையா. போச்சு, எனக்கு ஓட்டத் தெரியாது என்பதை இனி யாருமே நம்பமாட்டார்கள் என்று நினைத்தேன்.

மாமி வரச் சம்மதித்ததற்கு இரண்டு காரணம். "நீங்க வரல்லாட்டி நான் மட்டும் போவன்" என்று சுலைஹா சொல்லிவிட்டாள். இன்னொன்று, அந்தப் படகில் உள்ளே அறை இருந்தது. வட்டச் சன்னல்களுக்குத் துணி கட்டிவிட்டால் கரையிலுள்ள ஒரு கண்ணும் பார்க்க முடியாது. மூடிய மாட்டு வண்டியில் வந்து, பிடித்த துணி மறைவில் இறங்கி, நேரே அறைக்குள் போனார்கள். உள்ளேயிருந்து கொக்கிகளைத் திறந்து மூடும் சத்தம் கொஞ்சநேரம் கேட்டது.

"இந்த அலுமாரியப் பாரு புள்ள. கோப்பை விழவே விழாது. எங்கட வூட்டுலயும் இப்படிச் செஞ்சா எனத்த?"

நான் சுக்கான் பிடியில், தம்பி முன் பாய்க் கயிற்றில், மாமா என் எதிரில். கரைக்கும் படகுக்கும் நீளமாக ஒரு கயிறு கட்டிக்கொள்ளலாமா என்று கேட்டுப் பார்த்தேன். "மாடா மேய்க்கப் போறீங்க?" என்றார் மாமா.

பிஸ்மி சொல்லிப் பாயை ஏற்றினோம். பாய் புடைத்ததும் படகு யாரோ கைபிடித்து அழைத்துப்போகிற மாதிரி சத்தமில்லாமல் நகர்ந்தது. அடடா, அந்தச் சுகத்தை என்னவென்று எழுதுவேன். இத்தனை வருஷம் பாய் தைத்திருக்கிறேன். ஒரு பாய் வேலை செய்வதை அதன் அடியில் உட்கார்ந்து, குடல் புரளாமல், பார்த்தது அன்றுதான். தையல்களெல்லாம் விறைத்து நின்றன. கரையில் கறுப்பையா தலைப்பாகையை அவிழ்த்து வீசிக்கொண்டு சுவரோரமாகக் கூடவே நடந்து வந்தார்.

சுகம் ஒரு பக்கம். மறுபக்கம் என் புத்தி என்னை விடுமா? கல் மூட்டைகள் மாமியின் காலடிப் பலகைக்குக் கீழேதான் இருந்தன. அவர்கள் பார்த்துச் சொல்வதற்காக ஒரு பலகையை நீக்கி வைத்திருந்தேன். தடுப்பைத் தட்டினேன்.

"மாமி, மூட்டை அசையுதா?"

"இல்ல."

கொஞ்ச தூரம் போனதும் மறுபடி தட்டினேன். "மாமி, கட்டு இறுக்கமா இருக்கா?"

"இறுக்கமாத்தான் ஈக்கிது."

"கையால தொட்டுப் பாத்துச் சொல்லுங்க."

"தொட்டுட்டன். ஓட்டுங்க."

எங்கள் ஊரில் காற்று ஒரு பக்கமிருந்து வந்தால் அந்தப் பருவம் முழுக்க அங்கிருந்தே வரும். கண்டியில் அது மலைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு நிற்கிறது. வாவியின் நடுவுக்கு வந்ததும் ஹந்தானை மலைப் பக்கமிருந்து ஒரே பாய்ச்சலில் வந்து விழுந்தது. படகு சாய்ந்தது. தண்ணீர் விளிம்பை நக்கியது. மாமா "யா அல்லாஹ்" என்று என் காலைக் கட்டிக்கொண்டார். தம்பி, "காக்கா, கயிற விடுங்க" என்றானா, "விடாதீங்க" என்றானா, இன்றுவரை எங்களுக்குள் தகராறு. நான் எல்லாவற்றையும் விட்டுவிட்டேன். பாய்க் கயிற்றை விட்டேன், சுக்கானை விட்டேன், இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டேன்.

ஒன்றும் நடக்கவில்லை. கையை எடுத்துப் பார்த்தால், படகு தானாகவே காற்றின் பக்கம் மூக்கைத் திருப்பி, நிமிர்ந்து, கொடியில் காயும் துணி மாதிரிப் பாயை அடித்துக்கொண்டு நின்றது. பிடித்தவன் பயந்து கைவிட்டாலும் தப்பும்படிதான் அந்தப் பெயர் தெரியாதவன் அதைக் கட்டியிருந்தான். அந்தக் கவலையையும் அவன் பட்டிருந்தான்.

உள்ளே சுலைஹா விழுந்து விழுந்து சிரிக்கும் சத்தம் கேட்டது. "உம்மா, வெளக்கப் பாருங்க. படகுதான் சாஞ்சிச்சி, வெளக்கு சாயவே இல்ல."

மாமி பயந்து முடிவு கட்டிவிட்டார்கள் என்று நினைத்தேன். போயிற்று, உம்மாவிடம் என்ன சொல்வேன்? அப்போது உள்ளேயிருந்து தட்டும் சத்தம் வந்தது. இந்தத் தடவை மாமி தட்டினார்கள்.

"மூட்டை அசயல்ல" என்றார்கள்.

மாமா என் காலை விட்டுவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். "பாத்தியா, மரைக்கார்ட வேலைய? காத்துக்கு முன்னால அப்படியே நிப்பாட்டினார். ஒரு பயம் ஈந்திச்சா அவருக்கு?"

"எனத்த பயமில்லாம? நடுங்குறது பலகையில கேக்குது" என்றார்கள் மாமி. "ஒங்களுக்குத்தான் ஒண்டுக்கும் பயமில்ல. அடியில ஈந்த இரும்பை மாட்டுக் காலுக்கு அடிச்சிட்டு, கோப்பி மூட்டையில எண்ட புள்ளய ஏத்தப் பாத்தீங்க. அந்த மரைக்கார் கல்லுச் சாக்கையும் துணி மாதிரி ஒக்காந்து தைச்சிருக்கார். கரைய விட்ட நேரத்துல ஈந்து எத்தன தரம் கேட்டார். பயப்படுற ஆள் கூடப் போறதா ஈந்தா, எனக்குப் பயமில்ல. போய் அவங்கட உம்மாக்கு மொகத்தக் காட்டிட்டு வரட்டும்" என்றார்கள்.

தம்பி முன்னால் என்ன செய்கிறான் என்று பார்த்தேன். கயிற்றைப் பிடித்தபடி வானத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான். பாயை மறுபடி இழுத்துக் கட்டி வாவியை இன்னொரு சுற்றுச் சுற்றினோம். இந்தத் தடவை மாமியே கேட்டுக்கொண்டார்கள்.

தம்பியையும் சுலைஹாவையும் கூட்டிக்கொண்டு திரும்பும் தோணியில் ஏறியதும் நான் செய்த முதல் வேலை, சரக்குக் கட்டுகளை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்தது. தோணியை நடத்தும் தண்டல் இரண்டு தடவை பொறுத்தார், மூன்றாவது தடவை என்னை ஏசினார். மாமியின் கட்டளை என்றேன். பிறகு வழக்கம்போலப் படுத்துவிட்டேன். சுலைஹா மட்டும் பாய்மறைப்பின் ஓரத்தில் உட்கார்ந்து கடலைப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

உம்மா கதிரையில் இருந்தபடியே இரண்டு கையையும் நீட்டினார்கள். மருமகள் முகத்தைப் பிடித்து இந்தப் பக்கம் திருப்பி, அந்தப் பக்கம் திருப்பி, போதும்போதும் என்னும்வரை பார்த்தார்கள். பிறகு, "கடல்ல பயந்தியா மகளே?" என்று கேட்டார்கள்.

சுலைஹா தலைத்துணியைச் சரிசெய்துகொண்டே என் பக்கம் கண்ணைக் காட்டினாள்.

"இல்ல மாமி. எனக்கும் சேத்துக் காக்காவே பயந்துட்டாங்க."